பூட்டிய மலை வீடும் உறைந்த குழாயும்

தில்லிக் குளிர் எலும்பைத் துளைத்தாலும் வீட்டுக் குழாயை உடைப்பதில்லை. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று பதிவான மைனஸ் 0.6 டிகிரி செல்சியஸைப் போன்ற குளிர், சில மணி நேரத்துக்குள் சுவருக்குள் செல்லும் குழாய்நீரை உறைய வைத்துவிடாது. இந்தப் பழக்கத்தினால்தான், மயூர் விஹாரிலோ ஆர்.கே. புரத்திலோ நெடுங்காலம் வாழ்ந்துவிட்டுக் கோடைக்கென்று இமாச்சல மலைகளில் மணாலி, நார்கண்டா பக்கம் சிறு வீடு வாங்கும் நம்மவர்கள், அக்டோபரில் அதைப் பூட்டும்போது கேஸையும் மின்சாரத்தையும் மறக்காமல் நிறுத்துகிறார்கள்; தண்ணீரை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. அதனால் குழாய் பிளக்கிறது என்பதே பலரும் அறிந்த விளக்கம். அது பாதி உண்மைதான். குழாயின் உட்சுவரில் தொடங்கி நடுவை நோக்கிப் பனிக்கட்டி வளரும்போது, நகர இடமிருக்கும் வரை எஞ்சிய நீர் மேல்தொட்டிப் பக்கம் பின்வாங்கிக்கொள்ளும், அழுத்தம் ஏறாது. பனிக்கட்டி குழாயை முழுக்க அடைத்த பிறகே ஆபத்து தொடங்குகிறது. அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையே அகப்பட்ட நீர், நுனியை விரலால் பொத்திய ஊசிக்குழலில் இருக்கும் மருந்தைப் போன்றது: வளரும் பனிக்கட்டி தண்டாக அதை நெருக்குகிறது. நீரின் கனஅளவை ஒரு சதவீதம் குறைக்கவே 200 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) என்பதால், பனிக்கட்டி சிறிதளவு வளர்ந்தாலும் அழுத்தம் எகிறிவிடுகிறது. மைனஸ் 5 டிகிரியில் பனிக்கட்டி ஏறத்தாழ 600 பார் வரை நெருக்க வல்லது; வீட்டுக் குழாய்களோ சில பத்து பார்களுக்கென்று செய்யப்பட்டவை. ஆகவே விரிசல் பெரும்பாலும் பனிக்கட்டி உருவான இடத்தில் விழுவதில்லை. அதற்கு அப்பால், நீர் இன்னும் நீராகவே இருக்கும் பகுதியில், பலவீனமான ஓர் எல்போவிலோ (குழாய் திரும்பும் வளைவிலோ) இணைப்பிலோ விழுகிறது.

குளிரிரவில் குழாயைச் சொட்டவிடும் வழக்கத்தின் பயனும் இதிலிருந்து விளங்கும். சொட்டும் நீர் உறைதலைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். ஆனால் அகப்பட்ட நீருக்கு ஒரு வெளிவழி கிடைப்பதே அதன் முதன்மையான நன்மை. ஆளில்லாத வீட்டில் அதுவும் இல்லை. அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தரும். அடுப்பும் ஹீட்டரும் அதற்கு மேல். இவை எதுவுமில்லாத வீடு சில நாட்களில் வெளிக்குளிருக்கு இறங்கிவிடும். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் செய்த சோதனைகளில், கூரையடியில் உறையின்றிச் செல்லும் குழாய்களுக்கு மைனஸ் 7 டிகிரி வெளிவெப்பநிலையே எச்சரிக்கை எல்லையாகத் தெரிந்தது. வெளிச்சுவரில் காற்றுக்கும் தெளிந்த இரவு வானத்துக்கும் முகம் காட்டி நிற்கும் நம் மலைக் குழாய்களுக்கு அவ்வளவு குளிர்கூடத் தேவைப்படாது.

குழாயில் விரிசல் விழுந்த அன்று ஒரு சொட்டும் கசியாமல் இருக்கலாம். அடைத்த பனிக்கட்டியே தக்கையாக நிற்கிறது. வெயில் ஏறி அது உருகிய பின்புதான் நீர் பாய்கிறது. சிகாகோவிலோ டொரண்டோவிலோ தெருக்குழாயின் அழுத்தம் ஓய்வதில்லை. பார்ப்பவரில்லாத வீட்டில் நீர் நாள்கணக்கில் கொட்டும். இங்கு 1,000 லிட்டர் தொட்டி காலியானதும் நின்றுவிடும் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தொட்டியின் மிதவை வால்வு, மட்டம் இறங்கியதை மட்டுமே அறியும். விநியோகம் வரும் ஒவ்வொரு முறையும் அது கடமை தவறாமல் தொட்டியை நிரப்பித் தருகிறது. ப்ளைவுட் அலமாரி உப்பி, மரத்தரை வளைந்து, ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை தொடங்கிவிடும்.

எனவே குழாய்க்குக் கம்பளம் சுற்றுவதைவிட நீரை இறக்கிவிடுவதே சிறந்தது. உறை குளிர்தலைத் தாமதப்படுத்துமேயன்றித் தானாக வெப்பம் தராது. தெருக்குழாய் வால்வை மூடி, தொட்டியைக் காலிசெய்து, கீழ்த்தளத்தின் மிகத் தாழ்ந்த திருகைத் திறக்கவேண்டும். மேலே ஒரு திருகையும் திறந்தால்தான் காற்று புகுந்து நீர் முழுதும் இறங்கும். கடைசிச் சொட்டு வரை போகவேண்டியதில்லை. குழாயில் காற்று இருந்தால், மிஞ்சிய நீர் விரிவதற்கு அந்த இடமே போதும். கீசரை மின்சாரம் துண்டித்த பின் காலிசெய்யவேண்டும். கழிப்பறைத் தொட்டியும் அப்படியே. கழிவுக் குழாய்களின் வளைவுகளில் நிற்கும் நீரை அகற்ற முடியாததால், எளிதில் உறையாத, நச்சற்ற புரோப்பிலீன் கிளைக்கால் கரைசலை அங்கு ஊற்றுவது வழக்கம். இவ்வளவுக்கும் பிறகு ஏதேனும் ஒரு குழாய் உறைந்திருந்தால், திருகைத் திறந்து வைத்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கி வெந்நீர்த் துணியால் இளக்கவேண்டும். நடுவில் சூடேற்றினால் உருகிய நீர் மீண்டும் இரண்டு அடைப்புகளுக்கு இடையே அகப்பட்டுக்கொள்ளும்.