பழைய காரின் ஏ.சி.க்கு கேஸ் ஏற்றும் முன்

கோடை தொடங்கியதும் பழைய கார்களோடு வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது, "கேஸ் குறைந்திருக்கும், கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்" என்பதுதான். ஏ.சி. கேஸ் பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு குளிர் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கேஸோடு எண்ணெயும் வெளியேறுவதால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் கிளட்ச் தட்டுக்குப் பின்புறமோ குழாய் இணைப்புகளிலோ தூசி ஒட்டிய கறுத்த பிசுக்கு காணப்படும். சோப்பு நுரை தடவினால், அந்த இடத்தில் பெரும்பாலும் குமிழி எழும். அதைச் சரிசெய்யாமல் கேஸ் ஏற்றுவது பண விரயம்.

கான்டெஸா, மாருதி 1000 காலத்துக் கார்களில் இருந்தது ஆர்-12 கேஸ். அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை அதன் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. 2010-க்குள் வளரும் நாடுகளும் அதைக் கைவிட வேண்டியிருந்தது. ஆகவே இக்கார்களை, ஓசோனைச் சிதைக்காத ஆர்-134ஏ என்ற கேஸுக்கு மாற்றுவதே வழக்கம். மிஞ்சியிருக்கும் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், மீட்பு இயந்திரத்தால் உருளைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையின் உயிர்நாடி எண்ணெய்தான். ஆர்-12 அமைப்பில் உள்ள மினரல் ஆயில் ஆர்-134ஏ-வில் கரையாது. அதனால் அது, காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலிலேயே தேங்கி, கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் போக, ஓரிரு கோடைக்குள் கம்ப்ரஸர் உராய்வில் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். அப்போது கிளம்பும் உலோகத் துகள், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர் வரை போய் அடைக்கும். செலவு பல மடங்காகும். எனவே கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்து, அச்சைக் கையால் சுழற்றிப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, ஆர்-134ஏ-வோடு கலக்கும் எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். பிஏஜி என்ற மற்றொரு செயற்கை ஆயிலும் உண்டு. ஆனால் மிச்சமிருக்கும் பழைய எண்ணெயையும் ஆர்-12 விட்டுச்சென்ற குளோரினையும் எஸ்டர் வகை அதைவிட நன்றாகத் தாங்குவதால், பழைய கார்களுக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் ஆர்-134ஏ-வுக்கு உரியவையாக மாற்றியே தீர வேண்டும். டிரையர் மாற்றாமல் முடித்துத் தருவதாக யாராவது சொன்னால், அங்கே வண்டியை விடாதீர்கள்.

பிறகு வேக்கம், அதாவது குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் இழுத்து, வால்வை மூடிவிட்டு, கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் கசிவோ ஈரமோ மிச்சமிருக்கிறது. கேஸை எடை போட்டு ஏற்றுவது முக்கியம்: பழைய அளவில் ஏறத்தாழ 80 முதல் 90 சதவீதம் போதும், அதாவது 900 கிராம் ஆர்-12 இருந்த அமைப்புக்கு 720 முதல் 810 கிராம் ஆர்-134ஏ. டிரையரின் கண்ணாடியில் குமிழி மறையும்வரை ஏற்றும் பழக்கம் ஆர்-12 காலத்தது; இப்போது அப்படிச் செய்தால் கேஸ் மிகுந்து, உயர் அழுத்தம் எல்லை மீறும். ஆர்-134ஏ வெயிலில் இயல்பாகவே கூடுதல் அழுத்தத்தில் இயங்குவதால், நெரிசலில் நிற்கும் காருக்குக் கண்டென்ஸர் முன் வலுவான மின்விசிறி தேவைப்படலாம்.

மலிவு விலைக் கேஸ் எனக்குப் பெரும் கவலை. எல்பிஜி வகைக் கேஸும் நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால், அது கசிந்தால் நாம் அமர்ந்திருக்கும் இடத்தில்தான் தீப்பற்றும் வாயு நிறையும். போலி ஆர்-134ஏ உருளைகளில் மெத்தில் குளோரைடு கலந்திருந்த நிகழ்வுகளும் உண்டு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் சேர்மத்தை உண்டாக்குகிறது. 2011-இல் கப்பல் குளிர்பதனப் பெட்டகங்கள் வெடித்து உயிர்கள் பலியானதற்கு அதுவே காரணமாகக் கூறப்பட்டது. உருளையின் முத்திரை உங்கள் கண்முன் உடைக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

வேலை முடிந்ததும் கேஸின் பெயர், எடை, எண்ணெய் வகை, தேதி ஆகியவற்றை எழுதிய ஒட்டியைப் பானட்டின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். பழைய ஆர்-12 சர்வீஸ் வால்வுகளின்மேல் ஆர்-134ஏ-வுக்கான அடாப்டரையும் நிலையாகப் பொருத்தச் சொல்லுங்கள். அடுத்து கைவைக்கும் மெக்கானிக் தவறான கேஸைக் கலக்காமலிருக்க இவை இரண்டும் வேண்டும்.