எட்டா, ஒன்பதா?

பர்கூர் பக்கம் ஒரு கல்குவாரி. மதியச் சாப்பாட்டு நேரம். விசில் ஊதியாயிற்று, சிவப்புக் கொடி நட்டாயிற்று, ஆட்கள் தூரப் போய்விட்டார்கள். பாறையில் ஒன்பது குழிகள், ஒவ்வொன்றிலும் வெடிமருந்துத் தோட்டாவும் அதை வெடிக்கவைக்கும் கேப்பும் திரியும். பற்ற வைத்தவர் ஓடிவந்து மறைவில் குந்தி, விரல் மடக்கி எண்ணுகிறார். டம்... டம்... கடைசி இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தமாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கேட்கிறார்: "எட்டாண்ணா, ஒன்பதாண்ணா?"

எட்டு என்றால் ஒரு குழி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஈரம் பட்ட திரியோ, மடங்கி நசுங்கிய திரியோ உள்ளுக்குள் மெல்லக் கனிந்துகொண்டே இருந்து, ஆள் கிட்டே போன பிறகு வெடிக்கலாம். அதனால்தான் திரி வைத்த வெடியில் எண்ணிக்கை குறைந்தால் 30 நிமிடம் யாரும் நெருங்கக்கூடாது என்று விதி. இது சுரங்கங்களுக்கான விதி. சட்டத்தின் கணக்கில் கல்குவாரியும் சுரங்கம்தான். விதி ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயமும் இல்லை. குழி போடுகிற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். தெரிந்தும் பத்தாவது நிமிடத்தில் கடப்பாரையோடு இறங்குகிறார்களே, ஏன்?

விபத்து நடந்த மறுநாள் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. அந்த நிமிடத்தில் அந்த மனிதரின் தலைக்குள் நடப்பது தெளிவான ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கான எண்களை மற்றவர்கள்தான் போட்டுக் கொடுக்கிறார்கள்.

முதல் எண் அனுபவத்திலிருந்து வருகிறது. ஒரு பேச்சுக்கு, காத்திருக்காமல் இறங்குவதில் ஆயிரத்துக்கு ஒருமுறை ஆபத்து நேரும் என்று வைத்துக்கொள்வோம். இருபது தடவை இறங்கிய ஒருவர், நூற்றுக்கு 98 வாய்ப்பில், ஒன்றும் ஆகாமல் திரும்பியிருப்பார். அவர் மனம் கற்றுக்கொண்ட பாடம்: "இதெல்லாம் ஒண்ணும் ஆகாது." அதே காரியத்தை ஐயாயிரம் தடவை செய்தால் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்த மனிதரும் ஐயாயிரத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. நேற்றையும் முந்தாநாளையும்தான் பார்க்கிறார். படிப்பு இருந்தால் இதிலிருந்து தப்பலாம் என்றும் சொல்லமுடியாது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன் காட்டியது இதைத்தான். ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் அரிக்கப்படுவது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பத் திரும்ப, அந்தப் பழுதே வாடிக்கையாகிவிட்டது. குவாரியில் 30 நிமிடம் இருபதாகி, இருபது பத்தாகிற விதமும் அதுவே.

இரண்டாவது எண் கூலி. லோடுக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணமும் வாங்கி வேலைக்கு வந்தவருக்கு அரை மணி நேரம் சும்மா உட்காருவது நிச்சயமான நஷ்டம். ஹிட்டாச்சி எந்திர வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எதிர்ப்பக்கம் இருப்பது நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிற ஆபத்து. நிச்சயமான சின்ன நஷ்டத்தையும் சந்தேகமான பெரிய நஷ்டத்தையும் எதிரெதிரே வைத்தால், மனிதர்கள் பல சமயம் நிச்சயமானதைத் தவிர்க்கவே சூதாடுவார்கள் என்று 1979-இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள். குவாரிக்காரருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை இது. பஸ் வருமுன் சாலையைக் குறுக்கே கடந்து ஓடுகிற நம் எல்லாருக்கும் உள்ளதுதான்.

மூன்றாவது, மேஸ்திரி. எனக்குப் பட்ட வரையில் மற்ற இரண்டையும்விடக் கனமானது இதுதான். 1980-இல் இஸ்ரேலியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த டோவ் ஸோஹர், ஓர் ஆலையின் 'பாதுகாப்புச் சூழல்' என்பதை அளந்து பார்க்க முயன்றார். மேலே இருப்பவர் பாதுகாப்பை உண்மையிலேயே எவ்வளவு மதிக்கிறார் என்று தொழிலாளர்கள் தமக்குள் எடைபோட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் நடத்தை அந்த எடையை ஒட்டியே போகிறது. எடைபோடுவது காலையில் இல்லை. காலையில் எந்த மேஸ்திரியும் "ஹெல்மெட் போடுங்கப்பா" என்றுதான் சொல்வார். மூன்று லாரி வரிசையில் நிற்கும்போது அவர் வாயிலிருந்து வருவதைத்தான் ஆட்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். அப்போது "என்னப்பா இன்னும் உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை போதும். காலையில் சொன்னது காற்றோடு போய்விடும்.

அந்த வார்த்தைக்கு எதிராக ஒருவர் தனியாக வாய் திறப்பது லேசில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் என்றால் இன்னும் கஷ்டம். தமிழும் தெலுங்கும் கலந்து மேஸ்திரி போடுகிற சத்தத்தில் அவனுக்குப் புரிவது பாதி, பதில் சொல்லத் தெரிவது அதிலும் பாதி. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தைக்கூட, கூட இருப்பவர்கள் எல்லாரும் தப்பாகச் சொன்னபோது நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது அவர்களோடு சேர்ந்து தப்பாகவே சொன்னார்கள். ஆனால் சரியாகச் சொல்ல இன்னும் ஒரே ஓர் ஆள் கூட இருந்தபோது அந்தப் பணிவு வெகுவாகக் குறைந்துபோனது. ஒரே ஒரு துணை போதும்.

தூசி விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையாகிறது. ஜாக்ஹாமர் உலர்ந்த பாறையைத் துளைக்கும்போது எழுகிற சிலிக்காத் துகளில் நுரையீரலின் அடிவரை போகக்கூடியது கண்ணுக்கே தெரியாது. அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் தலைகாட்டப் பெரும்பாலும் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை. முகமூடியின் புழுக்கமோ இந்த நிமிடமே தெரிகிறது. சித்திரை வெயிலில் கொதிக்கும் பாறைமேல் நின்று, பத்து வருடம் கழித்து வரப்போகும் மூச்சிரைப்பை நினைத்து முகமூடியை இறுக்கிக் கட்டச் சொல்வது மனித மூளையிடம் கேட்கக்கூடாத வேலை. துளைக்கும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசி எழும் இடத்திலேயே பெருமளவு அடங்கிவிடும். அப்புறம் யாருடைய மன உறுதியையும் மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். அந்தத் தண்ணீரைக் கோடையில் டேங்கரில் விலைக்கு வாங்க வேண்டும். முடிவு எடுக்க வேண்டியவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

அன்று பர்கூரில் நான் பார்த்தது இது. பற்ற வைத்தவரின் கேள்விக்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. இருவரும் ஆளுக்கொரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தாம் எண்ணியதைப் பாறையில் எழுதினார்கள். பேசிக்கொண்டால் ஒருவர் எண்ணிக்கை மற்றவர் எண்ணிக்கையைக் கெடுத்துவிடுமாம். ஒன்றில் 8, ஒன்றில் 9. மேஸ்திரி வந்து இரண்டையும் பார்த்தார். செல்போனில் மணி பார்த்து, அதையும் கீழே எழுதினார்: 1.10. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பது அங்கே முன்பே பேசிய பேச்சு. லாரிக்காரரிடம் போய் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் புங்கமர நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்கள்.