அவுட்-ஆஃப்-பேண்ட்: தமிழில் தனித்தடம்

சர்வர்களைப் பராமரிப்பவர்கள் 'ஓஓபி' என்று சுருக்கிச் சொல்வதை விரித்தால் 'அவுட்-ஆஃப்-பேண்ட் மேனேஜ்மென்ட்' என்று வரும். சர்வரின் இயங்குதளம் செத்துக் கிடந்தாலும், அதன் வன்பொருளை வெளியூரிலிருந்து கட்டளைவரி வழியாக இயக்க உதவும் ஏற்பாடு அது. எச்பி சர்வர்களில் ஐலோ என்றும் டெல் சர்வர்களில் ஐடிராக் என்றும் வருபவை இந்த வகைதான்.

'பேண்ட்' என்றதும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு வாத்தியக் குழு ஞாபகத்துக்கு வந்தால் குற்றமில்லை. இரண்டாம் சரபோஜி மேற்கத்திய பேண்டுக் குழுவையே அரண்மனையில் வைத்திருந்த ஊர் அது. ஆனால் அந்த பேண்ட் வேறு, இந்த பேண்ட் வேறு. கூட்டம், குழு என்ற பொருளில் வருவது கொடி அல்லது அடையாளம் என்னும் பொருளுள்ள பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. இங்கே நமக்கு வேண்டியது பட்டை, நாடா என்ற பொருளில் வருவது. கட்டுதல் என்னும் வினையோடு உறவுடையது. வானொலியும் தொலைபேசியும் வந்த பிறகு, அலைவெண்களின் ஒரு குறிப்பிட்ட எல்லையைப் பட்டை என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

'பட்டைக்கு வெளியே' என்பது தொலைபேசித் துறையில் உவமையாகப் பிறந்ததல்ல, சொல்லுக்குச் சொல் அதே பொருள். தொலைபேசிக் கம்பியில் மனிதக் குரலுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. அழைப்பை இணைப்பதற்கும் துண்டிப்பதற்கும் எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பியாக வேண்டும். அந்தச் சைகையைக் குரல் போகிற பட்டைக்குள்ளேயே அனுப்பினால் அது 'இன்-பேண்ட்'. ஒவ்வொரு குரல் தடத்துக்கும் 4000 ஹெர்ட்ஸ் அகலம் இருந்ததால், 3400-க்கு மேலே கொஞ்சம் இடம் மிஞ்சியது. ஆர்2 என்னும் சைகை முறை அந்த மிச்சத்தில் 3825 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்தது. பேசுபவர் காதில் விழாது, எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் கேட்கும். அது 'அவுட்-ஆஃப்-பேண்ட்'.

உள்ளேயே அனுப்பினால் என்ன கெட்டுப்போகும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கே நெடுந்தொலைவுத் தடம் சும்மா இருக்கிறது என்பதற்கான அடையாளம் 2600 ஹெர்ட்ஸ் ஒலி. 1960-களில் ஒரு காலை உணவுப் பொட்டலத்தோடு இனாமாக வந்த விளையாட்டு ஊதல் சரியாக அதே சுருதியில் ஒலித்தது. ரிசீவரில் அதை ஊதியவர்களுக்குத் தடம் திறந்துகொண்டது. காசில்லாமல் பேசித் தீர்த்தார்கள். குரலும் கட்டளையும் ஒரே வழியில் போனதன் வினை. அதன் பிறகு சைகையை முற்றிலும் தனியான இணைப்புக்கு மாற்றினார்கள். 1980-இல் தரப்படுத்தப்பட்ட ஏழாம் எண் சைகை முறை அப்படிப்பட்டதுதான். அந்தக் கட்டத்திலேயே அலைவெண் என்ற பொருள் கழன்றுவிட்டது. பெயரில் பட்டை இருக்கிறது, பொருளில் இல்லை. மிஞ்சியிருப்பது 'தனி வழி' என்ற கருத்து மட்டும்.

அதே கருத்துதான் சர்வருக்குள் வந்திருக்கிறது. மதர்போர்டில் பிஎம்சி எனப்படும் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. அதற்கென்று தனி நினைவகம், தனி நெட்வொர்க் முகவரி, பெரும்பாலும் தனி நெட்வொர்க் துளை. சர்வரை அணைத்து வைத்திருந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும் வரை காத்திருப்பு மின்சாரத்தில் அது விழித்திருக்கும். இதற்கான பொது நெறிமுறையான ஐபிஎம்ஐ, இன்டெல் தலைமையில் 1998-இல் வெளியானது. 2015-இல் ரெட்ஃபிஷ் என்னும் புதிய தரம் வந்துவிட்டாலும், அவசரத்துக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைந்து கட்டளை கொடுக்கும் முறை) போட்டு உள்ளே நுழைந்து கட்டளை தட்டுகிற பழக்கம் போகவில்லை.

திருத்துறைப்பூண்டி மருத்துவமனை ஒன்றில் சர்வர் நள்ளிரவில் உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பவர் இருப்பதோ தஞ்சாவூரில், மன்னார்குடியில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டிய தூரத்தில். சர்வரின் வழக்கமான முகவரிக்கு எஸ்எஸ்எச் போட்டால் பதில் வராது. பதில் சொல்ல வேண்டிய இயங்குதளமே மயங்கிக் கிடக்கிறது. சில்லின் முகவரிக்குப் போட்டால் உடனே கடவுச்சொல் கேட்கும். ஐலோவாக இருந்தால் 'பவர்' என்று அடித்ததும் மின்சாரம் ஓடுகிறதா என்று சொல்லும். 'விஎஸ்பி' என்று அடித்தால், சர்வர் தன் சீரியல் துளையில் புலம்புகிற வரிகள் நம் திரையில் வரும் (அப்படி அனுப்பும்படி முன்கூட்டியே அமைத்திருந்தால்). அதிலிருந்து வெளியேற எஸ்கேப் பொத்தான், பிறகு ஓர் இடது அடைப்புக்குறி. இதைத் தெரிந்துகொள்ளாமல் நுழைந்து, திரும்பத் தெரியாமல் ஜன்னலையே மூடிவிடுகிறவர்கள் உண்டு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'யுஐடி ஆன்' என்னும் கட்டளை. சர்வரின் முகப்பில் ஒரு நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். ஆனால் டிஸ்க் மாற்ற வேண்டியிருக்கும்போது அங்கே உள்ள காவலாளியிடம், "அண்ணே, நீல விளக்கு எரிகிற பெட்டி எது என்று பாருங்கள்" என்று கேட்டால், "மேலிருந்து மூன்றாவது, தம்பி" என்று பதில் வந்துவிடும். தொலைவில் இருப்பவர் விரல் நீட்டிக் காட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'பட்டைபுற மேலாண்மை' என்று பெயர்த்தால் திருநீற்றுப் பட்டையோ இலவங்கப் பட்டையோதான் கண்முன் நிற்கும். 'புறவழி' சாலைக்காரர்களுடையது, புறவழிச்சாலை ஊரைத் தவிர்ப்பதற்கு, இதுவோ ஊருக்குள்ளேயே நுழைவதற்கு. 'மாற்றுவழி' இன்னும் மோசம். முதல் வழி அடைபட்டால் போகிற உபரி வழி என்ற எண்ணத்தை அது தரும். அதே சரக்குதான் வேறு பாதையில் போகும். இங்கே சரக்கே வேறு. கல்லணைக்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் போகிறது. ஷட்டரை ஏற்று, இறக்கு என்ற உத்தரவோடு லஸ்கர் (மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியர்) கரைமேல் போகிறார். வாய்க்கால் காய்ந்தாலும் கரைபுரண்டாலும் அவருக்கு நடக்கக் கரை வேண்டும். கரை வாய்க்காலுக்கு மாற்று அல்ல.

ஆகவே 'தனித்தடம்' என்பதே என் தேர்வு. டவுன் பஸ்ஸில் 'தடம் எண்' பார்த்து ஏறுகிற ஊரில் தடம் என்பதற்கு உரை வேண்டியதில்லை. 'தனித்தட மேலாண்மை' என்று எழுதலாம். 'இன்-பேண்ட்' என்பதற்குப் 'பொதுத்தடம்' இயல்பாகவே இணை சேர்கிறது. 'புறத்தடம்' என்பாரும் உண்டு, பிழையில்லை. ஆனால் 'புற' எதற்கு வெளியே என்ற கேள்வியை எழுப்புகிறது, 'தனி' எழுப்புவதில்லை.

தமிழ்ப் பெயரில் இன்னொரு வசதியும் இருக்கிறது: பொய் உடனே தெரிந்துவிடும். நம் பக்கத்து அலுவலகங்கள் பலவற்றில் சில்லின் துளையிலிருந்து வரும் கேபிளும் சர்வரின் கேபிளும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில்தான் செருகப்பட்டிருக்கும். அந்த ஸ்விட்ச் போனால் இரண்டும் போகும். ஓஓபி என்று சொல்லிக்கொள்ளலாம், தனித்தடம் என்று சொல்ல நா கூசும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் பல மணி நேரம் முடங்கியபோது அதன் தனித்தட இணைப்பும் சேர்ந்தே செயலிழந்தது. பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

மின்சாரமே இல்லையென்றால் தடம் இருந்தும் பயனில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, டெல்டாவின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. யுபிஎஸ் தீர்ந்ததும் காத்திருப்பு மின்சாரம் நிற்கும், அதோடு சில்லும் தூங்கிவிடும்.

டெண்டரில் எழுதுகிறவர்கள் 'ஓஓபி வசதியுடன்' என்று ஒரு வரியில் முடிக்காமல், 'தனி ஸ்விட்ச், வேறு நிறுவனத்தின் இணைப்பு அல்லது 4ஜி மோடம், தனி யுபிஎஸ் ஆகியவற்றுடன் கூடிய தனித்தட இணைப்பு' என்றே எழுதலாம். இணையத்துக்கு நேராக அதைத் திறந்து வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஐபிஎம்ஐயின் இரண்டாம் பதிப்பு, கடவுச்சொல்லின் ஹாஷை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை; அதை வைத்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம்) நுழைவுக்கு முன்பே கேட்பவருக்குக் கொடுத்துவிடும்.