கர்ப்பப்பைக் கட்டியும் டாப்ளர் ஸ்கேனும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்கேன் எடுத்துவிட்டு வரும் பெண்களின் ரிப்போர்ட்டில் 'கட்டியில் ரத்த ஓட்டம் தெரிகிறது' என்று ஒரு வரி இருந்தால் போதும், கேன்சர்தான் என்று வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்கு அவ்வளவு அர்த்தம் கிடையாது.

ரத்த ஓட்டத்தைக் காட்டுவது டாப்ளர் ஸ்கேன். கருவி அனுப்பும் ஒலி, ஓடுகிற ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறும். கருவியை நோக்கி வரும் ரத்தத்தைச் சிவப்பாகவும் விலகிப் போவதை நீலமாகவும் காட்டுவது வழக்கம். ஆக, திரையில் சிவப்பு தெரிந்தால் அது ஆபத்தின் நிறம் இல்லை, ஓட்டத்தின் திசை, அவ்வளவுதான்.

சரி, இதில் கேன்சரை எப்படிச் சந்தேகிக்கிறார்கள்? புற்று வளர நிறைய ரத்தம் வேண்டும், அதனால் புது நாளங்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அவசரத்தில் முளைக்கும் அந்த நாளங்கள் கோணல்மாணலாக இருக்கும், சுவரில் சுருங்கி விரிகிற தசையும் சரியாக இருக்காது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் சானலில் ஷட்டர் இல்லாமல் போனால் எப்படியோ அப்படி, இதயத் துடிப்புகளுக்கு இடையிலும் ரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஓர் எண்ணாகவும் சொல்வார்கள். துடிக்கும்போது வேகம் 50, துடிப்புகளுக்கு நடுவில் 10 என்றால், வித்தியாசத்தை 50-ஆல் வகுக்க 0.8 வரும், நடுவிலும் 30 ஓடினால் 0.4 தான். எண் குறையக் குறையச் சந்தேகம் கூடும்.

நாளங்கள் ஓடும் விதமும் முக்கியம், என்னைக் கேட்டால் எண்ணைவிட முக்கியம். நார்க்கட்டியில் (ஃபைப்ராய்டு என்கிற, புற்று அல்லாத கட்டி) பெரும்பாலும் கட்டியைச் சுற்றி வளையமாக ஓடும். பாலிப் (உள்வரிச் சவ்வில் முளைக்கும் சதை வளர்ச்சி) என்றால் காம்பு வழியாக ஒரே ஒரு நாளம் நுழையும். கர்ப்பப்பை உள்வரிச் சவ்வில் வரும் புற்றிலோ பல இடங்களிலிருந்து பல நாளங்கள் நுழைந்து தாறுமாறாகக் கிளை பிரியும்.

ஆனாலும் சாதாரண நார்க்கட்டி சிலவற்றிலும் ஓட்டம் பலமாக இருக்கும், தொடக்கநிலைப் புற்றில் நிறமே தெரியாமலும் போகலாம். அதனால் சந்தேகம் வந்தால் சதையை எடுத்து பயாப்ஸி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டினாலும் திருவனந்தபுரம் போனாலும் இதுதான் வழி.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ரத்தம் பட்டு, சவ்வின் தடிமன் 4 மி.மீ.க்குள் இருந்தால் புற்றுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் என்றால் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்கேன் நன்றாக வந்தபிறகும் மறுபடி ரத்தம் பட்டால், அம்மாவோ மாமியோ கூச்சத்தில் மறைக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.