நாயுண்ணிப் பூ நிறம் மாறுவது ஏன்?

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியோரம், ஒரே கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் ரோஸும் செம்மஞ்சளுமாகப் பூத்து நிற்கிற பற்றை நாயுண்ணிதான். பூ இல்லாவிட்டாலும் விரலால் கண்டுபிடிக்கலாம். இளந்தண்டை உருட்டினால் நாலு மூலை தட்டுப்படும். துளசித் தண்டும் சதுரம்தான், ஆனால் அதில் முள் இல்லை, இதில் சின்னச் சின்ன வளைந்த முட்கள் இருக்கும். இலைகள் சோடி சோடியாக, சொரசொரப்பாக, ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். கசக்கினால் ஒரு காரமான நெடி, எனக்கு அது துளியும் பிடிக்காது.

சரி, நிறத்துக்கு வருவோம். ஒரு கொத்தில் ஓரத்துப் பூக்கள்தான் முதலில் விரியும், நடுவிலுள்ளவை கடைசி. விரியும்போது எல்லாமே மஞ்சள், அப்போதுதான் தேன் இருக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் பூவுக்குள் அந்தோசயனின் என்ற நிறமி சேரத் தொடங்கும், அது பழைய மஞ்சளை மூடிவிடும், ஓரிரண்டு நாளில் ரோஸோ சிவப்போ ஆகிவிடும். ஆக, ஓரத்து ரோஸ் என்றால் வேலை முடிந்த பூ. முடிந்ததை ஏன் உதிர்க்காமல் வைத்திருக்கிறது என்றால், கொத்து பெரிதாக இருந்தால்தான் தூரத்தில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்குத் தெரியும். கிட்ட வந்த பிறகு அது மஞ்சளில் மட்டுமே குழலை நீட்டும். ஒரு பற்றைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் நீங்களே பார்க்கலாம். பழகப் பழகப் பூச்சி இதைக் கற்றுக்கொள்கிறது, இரண்டு பக்கத்துக்கும் நேரம் மிச்சம்.

அமெரிக்க வெப்பநாடுகளின் செடி இது. 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள், அப்புறம் கொண்டைக்குருவிகள் கறுத்த பழத்தைத் தின்று நாடெங்கும் விதைத்துவிட்டன.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாதாரணமாக மாடு இதைத் தொடாது, ஆனால் கச்சான் காற்றில் புல் காய்ந்து கிடக்கும்போது பசியில் கடித்துவிடும். இலையிலுள்ள லன்டடீன் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பச்சையம் செரித்தபின் மிஞ்சும் ஒரு பொருளை வழக்கமாக ஈரல்தான் பித்தத்தோடு வெளியேற்றும், அது முடியாமல் போனால் அந்தப் பொருள் இரத்தத்தில் தங்கி, வெயில் பட்ட தோலெல்லாம் வெந்து புண்ணாகும், மூக்குப் பகுதியும் வெள்ளைத் தோலும்தான் முதலில். பச்சைக்காயும் நஞ்சு, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

வளவில் முளைத்திருந்தால் வெட்டிவிட்டுப் போவதில் பலனில்லை, அடிக்கட்டை மறுபடி தளிர்க்கும். மாரி மழையில் மண் இளகியிருக்கும்போது, காய் கறுக்கும் முன்னர், வேரோடு தோண்டி எடுங்கள், முள்ளுக்குக் கையுறை போட்டுக்கொண்டு.