பாக்ஸ் மாறும் நாளில் போனை யார் எடுப்பது?

கேபிள் டிவிக்கான பழைய செட்டாப் பாக்ஸை எடுத்துவிட்டு எச்டி பாக்ஸ் வைக்கும் வேலை வடசென்னையில் இன்னமும் தெருத்தெருவாக நடந்துகொண்டிருக்கிறது. அதற்கான கூட்டங்களில் பேச்செல்லாம் பாக்ஸைப் பற்றித்தான்: எத்தனை வந்திருக்கிறது, எத்தனை வீட்டுக்குப் போட்டாயிற்று, கேபிள்காரருக்கு எவ்வளவு பாக்கி. மாற்றுகிற நாளில் வரப்போகிற போன்களை யார் எடுப்பது என்ற பேச்சு, எல்லோரும் எழுந்து கிளம்பும்போதுதான் வரும். கேபிள் வாடிக்கையாளர் சேவையில் அந்தப் போன் பிரிவுக்குத் திட்டம் போடுவது என் வேலை. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். கேபிள் நடத்துகிறவர்களும் படிக்க வேண்டும், வீட்டில் டிவி பார்க்கிறவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. 40,000 இணைப்பு உள்ள பகுதியில் பத்தில் ஒரு வீடு கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 அழைப்பு. அது நாள் முழுக்கப் பரவி வராது. சீரியல் நேரத்தில்தான் டிவியைப் போடுவார்கள், அதனால் பாதி அழைப்பு மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் வந்து குவியும். ஒரு அழைப்புக்கு 5 நிமிடம் என்றால், அந்த மூன்று மணி நேரமும் மூச்சு விடாமல் பேசினாலும் 56 பேர் வேண்டும். அதையே 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 34 பேர் போதும். ஆளைக் கூட்டுவதைவிட, பேசுகிறவர் முதலில் கேட்கிற கேள்வியைச் சரி செய்வதுதான் பெரிய வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பெரிய டிவி நிலையங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பை 2009 ஜூன் 12 அன்று நிறுத்தி, டிஜிட்டலுக்கு மாறினார்கள். முதலில் குறித்த தேதி பிப்ரவரி 17. மக்கள் தயாராகவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். ஜூன் 12 அன்று மட்டும் அரசின் உதவி எண்ணுக்கு 3 லட்சத்துக்கும் மேல் அழைப்புகள் வந்தன. எடுத்துப் பேச ஏறத்தாழ 4,000 பேரை உட்கார வைத்திருந்தார்கள். அழைத்தவர்களில் நிறையப் பேருக்கு, பழைய டிவியில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பார்க்க வைக்கும் கன்வர்ட்டர் பாக்ஸை இயக்குவதில்தான் சிக்கல். சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னதுமே பலருக்குப் படம் வந்துவிட்டது. ஆள் நேரில் போகத் தேவையில்லாத குறைகள்தான் போன் லைனை அடைத்துக்கொள்கின்றன. இங்கேயும் அப்படித்தான்.

காசிமேட்டில் ஒரு வீட்டிலிருந்து வந்த அழைப்பைச் சொல்கிறேன். "படம் வரலபா" என்றார் அந்த அம்மா. எடுத்தது புதுப் பையன், "திரையில் என்ன எரர் கோட் வருதும்மா?" என்று கேட்டான். "எனக்குப் படிக்கத் தெரியாதுபா" என்றார். அவனுக்கு அடுத்த கேள்வி வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் ஹெட்செட்டை வாங்கி, "அம்மா, டிவி நீலமா இருக்குதா, கறுப்பா இருக்குதா?" என்றாள். நீலம். "பாக்ஸ்ல சின்னதா லைட்டு எரியுதா?" எரிகிறது. "டிவியோட ரிமோட்டை எடுங்க, பாக்ஸோடது வேணாம். மேல பவர் பட்டன் பக்கத்துல ஒண்ணு இருக்கும், ஒருவாட்டி அமுக்கி விடுங்க. வரலன்னா இன்னொருவாட்டி." இரண்டாவது தடவை பாட்டுச் சத்தம் போனிலேயே கேட்டது. பாக்ஸைப் புதிதாக எச்டிஎம்ஐயில் மாட்டியிருக்கிறார்கள். டிவி பழைய ஏவி இணைப்பிலேயே நின்றிருக்கிறது. அந்தப் பட்டன், எந்த இணைப்பிலிருந்து படம் எடுப்பது என்று மாற்றுகிற பட்டன். அவ்வளவுதான்.

போன் எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலை இப்படித்தான் எழுத வேண்டும்: என்ன நிறம், லைட் எரிகிறதா, எந்த ரிமோட். படிக்கத் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்கிற கேள்வி முதல் மூன்றில் இருக்கவே கூடாது. பாக்ஸ் எண்ணைக் கேட்பதும் அப்படித்தான். அது பாக்ஸின் அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் அச்சாகியிருக்கும். வயதானவர் அதைக் கவிழ்த்துப் பார்க்கிற நேரத்தில் வயர் கழன்றுவிடும். மாட்டிவிட்டு வரும்போதே அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ஸ்டிக்கரில் எழுதி பாக்ஸின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். செல்போன் எண்ணைச் சொன்னாலே கணக்கு திறக்கிற மாதிரி வாடிக்கையாளர் பட்டியலையும் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பணம் கட்டியதும் பாக்ஸை அணைத்துவிடாதீர்கள். சேனலைத் திறக்கும் கட்டளை கேபிள் வழியாகத்தான் பாக்ஸுக்கு வருகிறது. பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது போய்ச் சேரும். வராத சேனலிலேயே வைத்து, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். போன் செய்யும்போது டிவி முன்னால் இருங்கள். அண்ணா நகரிலிருந்து மகள் அம்மாவுக்காகக் கூப்பிடுவார், டிவி ராயபுரத்தில் இருக்கும். அப்படியானால் அம்மாவையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பாக்ஸை ஆக்டிவேட் செய்ய பேங்க் ஓடிபியோ யூபிஐ பின்னோ யாரும் கேட்கத் தேவையே இல்லை. கேட்டால் உடனே வைத்துவிடுங்கள்.

நம்மூரில் யாரும் முதலில் டோல்ஃப்ரீ எண்ணைக் கூப்பிடுவதில்லை. கேபிள்காரரின் செல்லுக்குத்தான் அடிப்பார்கள். ஒரே செல், ஒரே ஆள், அவரும் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த ஒரு நாளுக்கு அவருடைய எண்ணைச் சேவை மையத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அவருடைய பையன்களில் ஒருவர் மையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் "மசூதி சந்துல மூணாவது வீடு" என்று சொன்னால் அவருக்குத்தான் புரியும். உங்கள் பகுதியில் சௌகார்பேட்டையும் இருந்தால் இந்தி பேசுகிறவரும், தெலுங்கு பேசுகிறவரும் வேண்டும். "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்" என்று நீளும் பதிவுக்குரலை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். காதில் வைத்த போனை எடுத்துப் பட்டன் தேடுவதற்குள் பாதிப் பேருக்கு லைன் போய்விடும். எங்காவது கேபிள் அறுந்திருந்தால் மட்டும், அந்தத் தெருவின் பெயரையும் சரியாகும் நேரத்தையும் முதலிலேயே சொல்கிற பதிவு ஒன்று போதும்.

தேதி குறிப்பதிலும் கவனம் வேண்டும். கேபிள் டிவியை அனலாக்கிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு மாற்றிய கட்டாய டிஜிட்டல் மாற்றத்தின் முதல் கட்டத்தில் சென்னையும் இருந்தது, கெடு 2012 அக்டோபர் 31. அதே நாளில்தான் நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. வழக்குகளால் சென்னையில் மாற்றம் இழுத்துக்கொண்டு போனது வேறு கதை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடுங்கையூர், புளியந்தோப்பு பக்கம் தண்ணீர் நிற்கிற மாதங்கள் என்று தெரிந்தும் அப்போது தேதி வைப்பது மக்களை வதைப்பதுதான். மழையில் போன லைனா, பாக்ஸ் கோளாறா என்று போனில் பிரித்துச் சொல்லவே முடியாது. கடலோரத்தில் உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடிப்பது தனித் தலைவலி. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பாக்ஸ் மாற்றும்போதே கனெக்டரையும் மாற்றிவிட்டால் பின்னால் வரும் போன்கள் குறையும்.

நாளின் நேரமும் முக்கியம். காலை 10 மணிக்கு மாற்றுங்கள். மதியத்துக்குள் பாதிக் குறை வெளியே தெரிந்துவிடும். இங்கிலாந்தின் வைட்ஹேவன் ஊரில் 2007 அக்டோபர் 17 அன்று அனலாக் ஒளிபரப்பில் பிபிசி டூ சேனலை மட்டும் முதலில் நிறுத்தி, மீதியை நவம்பர் 14 அன்று நிறுத்தினார்கள். யார் வீட்டில் இன்னும் பாக்ஸ் இல்லை என்பது ஒரு சேனல் போனதிலேயே தெரிந்துவிட்டது. பழைய சிக்னலை நிறுத்துவதற்கு முன் நாமும் ஒரு சேனலை முதலில் நிறுத்திப் பார்க்கலாம்.

மாற்றம் முடிந்து ஒரு வாரத்தில் தற்காலிக ஆட்களை அனுப்பிவிடுவார்கள். முப்பதாவது நாளுக்கு அவர்களில் பாதிப் பேரையாவது திரும்பக் கூப்பிடுங்கள். ஒரே நாளில் ஆக்டிவேட் செய்த பாக்ஸ்களுக்கெல்லாம் ஒரே நாளில்தான் மாதக்கணக்கு முடியும், ஒரே மாலையில் எல்லா வீட்டிலும் படம் நிற்கும். முதல் மாதச் சந்தாவைத் தெருவுக்குத் தெரு இரண்டு மூன்று நாள் தள்ளி முடிகிற மாதிரி போட்டால், அந்த இரண்டாவது அலையை இருக்கிற ஆட்களை வைத்தே சமாளிக்கலாம்.