மலிவு வீடா, கட்டுப்படியாகும் வீடா?

நகரத்தில் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினை பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு அறிக்கை போன வாரம் திருத்துவதற்காக என்னிடம் வந்தது. அதில் ஒரு வரி: ‘மலிவு வீடுகளின் மலிவுத்தன்மை குறைந்து வருகிறது.’ இரண்டு முறை படித்தும் விளங்கவில்லை. மலிவு குறைந்தால் விலை ஏறியது என்று கொள்வதா, வீடே ஏழைகளுக்கு எட்டாமல் போனது என்று கொள்வதா? மூலத்தைப் பார்த்த பிறகுதான் சொல்ல வந்தது இரண்டாவது என்று தெரிந்தது. ‘அஃபோர்டபிள் ஹவுசிங்’ என்றாலே கை தானாக ‘மலிவு விலை வீடு’ என்று எழுதிவிடுகிறது. விளம்பரத்திலும் செய்தியிலும் அதையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அது பிழை. சரியான சொல் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது: கட்டுப்படியாகும் வீடு.

‘அஃபோர்ட்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். முதலில் ‘முன்னெடுத்து முடித்தல்’ என்ற பொருளில் வழங்கி, பிறகு ‘சமாளிக்க முடிதல்’ என்றாகி, கடைசியில் ‘செலவுக்குக் கையில் பணம் இருத்தல்’ என்பதில் வந்து நின்றது. எந்தக் கட்டத்திலும் விலை குறைவு என்ற பொருள் அதில் இல்லை. அந்தச் சொல் வாங்குபவரைப் பற்றிப் பேசுகிறது, பொருளைப் பற்றி அல்ல.

‘மலிவு’ அப்படி இல்லை. மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். ‘ஊழல் மலிந்துவிட்டது’ என்றால் ஊழல் விலை குறைந்துவிட்டது என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. சந்தையில் சரக்கு குவிந்தால் விலை இறங்கும், அந்த வழியாகத்தான் மலிவு விலைக் குறைவைக் குறித்தது. பொருள்படி பார்த்தால் நகரத்தில் மலியவே மலியாத ஒன்றைத்தான் மலிவு வீடு என்கிறோம்.

அதைவிட முக்கியமானது கொள்கை. ஏழைகளின் வீட்டுச் செலவைப் பற்றி அரசுகள் சட்டம் போட்டபோது விலையை மட்டும் பார்க்கவில்லை, வருமானத்தில் அது எத்தனை பங்கு என்றும் பார்த்தன. அமெரிக்காவில் 1969-இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், அரசு வீடுகளில் குடியிருப்பவரின் வாடகை அவர் வருமானத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. 1981-இல் அது 30 ஆனது. அங்கே இன்றும் அந்த 30-தான் பொதுவான அளவுகோல். பங்கைச் சொல்லும் கருத்துக்கு விலையைச் சொல்லும் சொல் எப்படிப் பொருந்தும்?

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் ஜி.எஸ்.டி. விதிப்படி, சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்கு மிகாமல், 45 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அது ‘அஃபோர்டபிள்’ வகை வீடு, வரி 1 விழுக்காடு. உடனே விளம்பரக்காரர்கள் ‘மலிவு விலை வீடு’ என்று போட்டுவிட்டார்கள். அந்த 45 லட்சத்தில் 36 லட்சத்தை 8.5 விழுக்காடு வட்டிக்கு, 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 31,000 ரூபாயைத் தாண்டும். 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது மாதம் 25,000. சம்பளத்தைவிடத் தவணை பெரியது! இதை மலிவு என்று அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மறுபக்கம் சென்னையின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கம். நகரத்தின் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் இருந்தவர்களை அங்கே அடுக்குமாடிகளில் குடியமர்த்தினார்கள். சந்தை விலையோடு ஒப்பிட்டால் அந்த வீடுகள் மலிவுதான். ஆனால் வேலை இருப்பது நகரத்துக்குள், இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் கிடையாது, சரி. போக வர ஆகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? காலையில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் இரண்டு வீட்டை விட்டுவிட்டால், அந்த வீடு மலிவாக இருந்தும் கட்டுப்படியாகாது.

சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறு. 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில்தான் மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். புது வீடே பல லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), யாரும் அதை மலிவு என்று சொல்ல மாட்டார்கள். அரசு மானியம் தருகிறது, 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தை எடுத்தும் வீட்டுக்குக் கட்டலாம். அதனால் குடும்பம் சமாளிக்கிறது. அங்குள்ள தமிழ் ஊடகங்கள் ‘கட்டுப்படியான விலை’ என்றே எழுதிவருகின்றன. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருந்து அன்றாடம் அரசு அறிவிப்பில் புழங்கும் நாட்டில் இந்தச் சொல் நிலைத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

‘எய்தத்தக்க வீடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழ்தான், ஆனால் எந்த வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? ‘வாங்கத்தக்க’ என்றால் வாடகைக்கு இருப்பவர் விடுபட்டுப் போகிறார், கூலிக் குடும்பங்களில் பலர் வாடகைக்காரர்கள்தான். ‘கட்டுப்படி’ பேச்சுவழக்கு, அரசு ஆவணத்துக்கு ஆகாது என்பது இன்னொரு வாதம். எங்கள் தெருவில் கத்திரிக்காய் விற்கும் அம்மா “அந்த வெலைக்குக் குடுத்தா எனக்குக் கட்டுப்படியாகாதுப்பா” என்கிறார். வாங்க வந்தவர் “எனக்கும் கட்டுப்படியாகலையேம்மா” என்று நகர்கிறார். வரவும் செலவும் ஒத்துவருகிறதா என்பதை இரண்டு பேரும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். கட்டுமான நிறுவனத்துக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே அரசு செய்ய வேண்டிய வேலையும் அதுதானே? வீடு கட்டுகிறோம், தவணை கட்டுகிறோம், வாடகை கட்டுகிறோம். அந்த வரிசையில் இந்தச் சொல் இயல்பாக உட்காருகிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு உள்ள குறை இதுதான். ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் அகராதியின் முதல் பொருளையோ எந்திரம் தந்ததையோ எடுத்து ஒட்டிவிட்டு, அப்புறம் ‘தன்மை’யைச் சேர்த்து ‘மலிவுத்தன்மை’ என்று ஒன்றைச் செய்கிறார்கள். வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே போதும், இது நிற்காது என்று தெரிந்திருக்கும்.

அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: ‘ஏழைகளுக்கென்று கட்டிய வீடுகளே அவர்களுக்குக் கட்டுப்படியாகாமல் போய்க்கொண்டிருக்கின்றன.’